சுவர்ப் பக்கம்

எங்கள் கல்யாணம் உண்மையா பொய்யா என்று பார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார் என்று குடியேற்ற அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வரட்டும், பார்த்துச் சொன்னால் நானும் தெரிந்துகொள்கிறேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் வேலை பர்மிட் இருப்பது என் பேரில். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஆபரேஷனுக்குப் பயன்படுத்திய கத்தரிகளையும் கொறடுகளையும் கழுவி, ஆவிப்பெட்டியில் ஏற்றி இறக்கி, பாக்கெட் போட்டு மேலே அனுப்புகிறேன். ராத்திரி ஷிப்ட். என் வீட்டுக்காரர் என் பர்மிட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர். இன்னாருடைய புருஷன் என்பதுதான் இங்கே அவருக்கு முதல் உத்தியோகம். அது இருப்பதால்தான் டயர் கடையில் பகல் வேலை பார்க்க முடிகிறது. அந்த இன்னார் நான். இதை அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இருவரும் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தோம். என் மனு நல்லபடியாக நகர்ந்துகொண்டிருந்தது. அவருடையதில்தான் ஆபீஸ்காரர்களுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. வரும் அதிகாரி இது நிஜக் கல்யாணம் இல்லை என்று எழுதிவிட்டால், அவர் டயரையும் என்னையும் விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

"நம்ம மேல ஏன் சந்தேகம்?" என்று படிக்கட்டில் நின்று கேட்டார்.

எங்கள் குடும்பம் நடந்ததே படிக்கட்டில்தான். காலையில் நான் வேலை முடிந்து ஏறுவேன், அவர் வேலைக்கு இறங்குவார். சாயங்காலம் அவர் ஏறுவார், நான் இறங்குவேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, "குழம்பு அடுப்புல இருக்கு," "பால் தீர்ந்துடுச்சு," "ஈரத் துண்ட ஏன் கட்டில்ல போட்டீங்க?" என்று இல்லறம் நடத்திவிட்டுப் பிரிவோம். எனக்கு லீவு ராத்திரி வந்தால் அதையும் விடமாட்டேன். வேறு யாருக்காவது பதிலாகப் போய் நிற்பேன். கூடுதல் சம்பளம் என்றால் எனக்குக் கண்மண் தெரியாது. அவர் கடைக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அவர் வந்து ஒரு வருஷமாகிறது. ஒரே கட்டிலில் அவர் ராத்திரியும் நான் பகலும் படுத்து எழுந்துகொண்டிருந்தோம்.

அதற்கு முன்னால் என்றால், கல்யாணமான சில நாளிலேயே நான் விமானம் ஏறிவிட்டேன். அந்தச் சில நாளும் வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். அவர் மொட்டை மாடியில் மச்சான்மார்களோடு, நான் உள்ளே பெண்கள் கூட்டத்தோடு. எப்போதாவது கிடைத்த தனிமையில் யாரும் தூங்கவில்லை. அது உங்களுக்கு வேண்டாத விஷயம்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு தீராத எரிச்சல் இருந்தது. காலையில் நான் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து படுக்கும்போது கட்டில் கதகதவென்று இருக்கும். கடைசி நிமிஷம் வரை புரண்டுவிட்டு மனுஷன் ஓடுகிறார் என்று அர்த்தம். "எருமைகூட விடிஞ்சா எந்திரிச்சுடும்" என்று படிக்கட்டில் வைத்துக் கொடுப்பேன். பல்லைக் காட்டிவிட்டு இறங்கிப் போவார். அந்தத் தகவல் வருவதற்கு முந்தின வாரம் வாய் இன்னும் நீண்டுவிட்டது. "உங்கள இங்க கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு நாய வளர்த்திருக்கலாம். நான் எப்ப வருவேன்னு வாசல்லயாவது வந்து நிக்கும்" என்றேன். அதற்கும் பதில் சொல்லவில்லை.

தகவல் வந்த அன்று வேலையில் கொறடுகளை அடுக்கும்போது எனக்கு எண்ணிக்கை பிசகியது. ஒரு தட்டை மூன்று தடவை பிரித்து அடுக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, பயமாக இருந்தது. அவர் போய்விட்டால் படிக்கட்டில் யாரைத் திட்டுவது?

மறுநாள் அவருடைய அக்கா வந்து இறங்கினார். அடுத்த தெருவில் இருக்கிறார். நேரில் அண்ணி என்று கூப்பிடுவேன், மனசுக்குள் கலெக்டர். நிரந்தர அனுமதி வாங்கிப் பல வருஷமானவர் என்பதால், இந்த நாட்டையே அவர்தான் நமக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பதுபோல நடப்பார்.

"வீடா இது?" என்றார் வாசலிலேயே. "ஆபீசர் வந்து பார்த்தா நம்ம சனத்தப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"கல்யாணம் நெசமான்னு பார்க்கத்தான் வர்றாங்க அண்ணி. வீடு சுத்தமான்னு பார்க்க இல்ல."

"எல்லாத்தையும்தான் பார்ப்பாங்க. நீ கொஞ்சம் வாய மூடிக்கிட்டு அந்தத் துணிய எடு."

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருக்கும். எங்கள் வீட்டில் அது கூடத்தை ஒட்டிய சாமான் அறை. என் ஆஸ்பத்திரிக் காலுறைகள், ரப்பர் கரி படிந்த அவருடைய பூட்ஸ், கொடியில் கிடந்த துணி, பிரஷர் குக்கர், ஊறுகாய் பாட்டில், மாத்திரை டப்பா, அவர் ரிப்பேர் செய்கிறேன் என்று சேர்த்து வைத்த உடைந்த குடைகள், எல்லாம் உள்ளே போயின. அவர் பங்குக்குத் தன் டூல் பெட்டியை யாரும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் அண்ணி சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றினார்.

"அது ஏன் அண்ணி?"

"நீயே பாரு. கழுத்துல மாலையப் போட்டுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. புடிச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க."

அண்ணி சொன்னது பொய்யில்லை. மாலை மாற்றி முடித்ததும் புது மாப்பிள்ளை என் காதோரம் குனிந்தார். என்னவோ சொல்லப்போகிறார் என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க, "பந்தி ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

போட்டோ இருந்த இடத்தில் ஒரு பனிமலைப் படம் வந்தது. அண்ணி வீட்டிலிருந்து மெத்தைத் தலையணைகள், பிளாஸ்டிக் பூ, பீங்கான் கோப்பைகள் வந்தன. குளியலறையில் பழைய பிரஷ்களைத் தூக்கி எறிந்துவிட்டு, பிரிக்காத புதுப் பாக்கெட் ஒன்றை வைத்தார். சாமான் அறைக் கதவை முழங்காலால் முட்டிச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வீடு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் வீடு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் நானே மெல்ல நடந்தேன்.

வந்த அதிகாரி நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மா. பையிலிருந்து நீல பிளாஸ்டிக் உறைகளை எடுத்துச் செருப்பின் மேல் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் பேசியது இந்த ஊர் மொழியில். நான் நம் பாஷையில் போட்டுச் சொல்கிறேன். அண்ணி காப்பியோடு பாய்ந்தார். வேண்டாம் என்றார். பரவாயில்லை குடியுங்கள் என்றார் அண்ணி. வேண்டாம் என்றார். அரைக் கப் என்றார் அண்ணி. அதிகாரி அவரைப் படிக்கட்டில் போய் உட்காரச் சொல்லிவிட்டார். ஒரு வருஷத்தில் நான் செய்ய முடியாததை ஒரு வாக்கியத்தில் செய்தார் என்று எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

முதலில் என் வீட்டுக்காரரை அடுக்களையில் வைத்து விசாரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கட்டில்ல நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"சுவர்ப் பக்கம்."

"அவர்?"

அவர் படுத்து நான் பார்த்தால்தானே? "மிச்சப் பக்கம்" என்றேன்.

"அவரோட பிரஷ் என்ன கலர்?"

நேற்று வரைக்கும் என்றால் பச்சை. ஆனால் இந்த அம்மா இன்றைக்குக் குளியலறையைப் பார்த்திருப்பார். "பாக்கெட்டப் பிரிச்சாத்தான் தெரியும்" என்றேன். எழுதிக்கொண்டார்.

"கடைசியா ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து எப்ப சாப்பிட்டீங்க?"

"நின்னுக்கிட்டுச் சாப்பிட்டது கணக்குல வருமா?"

"என்ன சாப்பிட்டீங்க?"

"வாழைப்பழம். ஆளுக்குப் பாதி. படிக்கட்டுல."

அதையும் எழுதினார். பிறகு தலை நிமிராமல், "அவர் குறட்டை விடுவாரா?" என்றார்.

அப்பாடா, சுலபமான கேள்வி. பகலிலேயே வாயைத் திறக்காதவர் ராத்திரியா திறக்கப்போகிறார்? "இல்லவே இல்ல. தூங்கறப்பவும் சாதுவான மனுஷன்" என்றேன்.

எங்கள் இருவரையும் கூடத்தில் நிற்க வைத்தார். நாங்கள் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்று நாளாகிவிட்டதால், என் தோள் அவர் முழங்கைக்கு மேலே எங்கே வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"பிரஷ் பச்சைங்கறார் இவர். நீங்க பாக்கெட்டப் பிரிக்கணும்ங்கறீங்க. கடைசியா ஒண்ணா சாப்பிட்டது கல்யாணப் பந்தியிலன்னு சொல்றார். நீங்க வாழைப்பழம்ங்கறீங்க. கட்டில்ல தானும் சுவர்ப் பக்கம்தான் படுக்கறேங்கறார். ஒருத்தர் மேல ஒருத்தரா படுப்பீங்க?"

அவர் திருதிருவென்று முழித்தார். எனக்குக் காது மடல் சுட்டது.

"ஒத்துப்போன பதில் ஒண்ணே ஒண்ணுதான். குறட்டை விடமாட்டார்னு ரெண்டு பேருமே சொல்றீங்க" என்றார் அதிகாரி. "கீழ்வீட்டுல விசாரிச்சேன். உங்களப் புருஷன் பொண்டாட்டின்னே அந்தம்மாவுக்குத் தெரியல. ஒருத்தர் போனதும் இன்னொருத்தர் வர்ற ரெண்டு வாடகைக்காரங்கன்னு சொல்றாங்க. இந்த வீட்டப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுது. குப்பைக் கூடையில குப்பைகூட இல்ல. இங்க யாரும் வாழல."

 "இல்லீங்க, வாழறோம்" என்றேன். அதை மட்டும் அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அதிகாரி சாமான் அறைக் கதவின் கைப்பிடியை ஆட்டினார். "இங்க யார் தங்கியிருக்காங்க?"

"யாரும் இல்ல" என்றோம் இருவரும்.

"அப்ப ஏன் பூட்டு? தொறங்க."

ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அண்ணி படிக்கட்டிலிருந்து ஓடிவந்து கதவுக்குக் குறுக்கே நின்று நம் பாஷையிலேயே கத்தினார். "ஐயோ, அத மட்டும் தொறக்காதீங்க! எங்க மானமே கப்பலேறிடும்! அதுக்கு இவன ஊருக்குத் திருப்பி அனுப்பறதே மேல்! தம்பி, நீ சொல்லுடா!"

"என்ன சொல்றாங்க?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "இந்த ரூமத் தொறக்கறதுக்கு என்னத் திருப்பி அனுப்பறதே மேல்னு சொல்றாங்க எங்க அக்கா" என்று அப்படியே மொழிபெயர்த்தார்.

அதிகாரியின் பேனா வேகமாக நகர்ந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "அண்ணி! சாவியக் குடுங்க!" என்று கத்தினேன். "மனுஷனே போனதுக்கப்புறம் மானத்த வச்சு நான் என்ன பண்றது?"

அண்ணி வாயைப் பிளந்தார். நானே கை நீட்டி இடுப்பிலிருந்து சாவியை உருவினேன். திருப்பினேன். அவ்வளவுதான், கதவு தானாகவே திறந்துகொண்டது. குடைகள் முதலில் வந்தன. பின்னாலேயே துணி மூட்டை, குக்கர், பூட்ஸ், மாத்திரை டப்பா. ஊறுகாய் பாட்டில் மட்டும் அதிகாரியின் நீல உறைக்குப் பக்கத்தில் வந்து நல்லபிள்ளையாக நின்றது. அண்ணி முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

அதிகாரி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து யாருடையது என்று கேட்டார்.

"இவரோடதுதான். ஒரு வருஷமா ரிப்பேர் பண்றேன் பண்றேன்னு உசிர வாங்கறார்" என்றேன் குடைக்கு.

"அவ காலுறை. எங்க கழட்டுவாளோ அங்கயே கெடக்கும்" என்றார் அவர்.

"உங்க துண்டு மட்டும் என்ன வாழுதாம்?"

"குக்கர் விசில் போனது யாரால?"

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கவிழ்ந்து கிடந்த டூல் பெட்டியை நிமிர்த்தினார். ஸ்பேனர்களுக்கு நடுவே கட்டம் போட்ட பழைய லுங்கியில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. பிரித்தார். ரப்பரில் செய்த வெந்நீர்ப் பை.

"இது யாரோடது?"

"தெரியாது" என்றேன். நான் அதைப் பார்த்ததே இல்லை. அதிகாரியின் பேனா நின்றது.

"என்னோடது" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"உங்களுக்கு எங்க வலி?"

"வலியெல்லாம் இல்ல. அது அவளுக்கு."

"எனக்கென்ன வலி?" என்றேன்.

தெரிந்த அளவு மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "இவ காலையில வர்றப்ப கை காலெல்லாம் வெறைச்சுப்போய் வருவா. வந்ததும் சுவர்ப் பக்கம் ஒண்டிக்குவா. அது வெளிச்சுவர், ஐஸ் மாதிரி இருக்கும். அதான் ராத்திரி நானே அந்தப் பக்கம் படுத்துக்குவேன், கொஞ்சம் சூடேறட்டும்னு. காலையில எந்திரிச்சதும் அங்க வெந்நீர்ப் பைய வச்சிருவேன். இவ பஸ்ஸ விட்டு எறங்கறது ஜன்னல்ல நின்னா தெரியும். பார்த்ததும் பைய எடுத்து ஒளிச்சு வச்சுட்டுக் கீழ எறங்குவேன்."

"ஏன் ஒளிக்கணும்?"

"பார்த்தா, கேஸ் வீணாப்போகுதுன்னு திட்டுவா."

 அண்ணிகூட முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியாதா உங்களால?" என்று பிடித்துக்கொண்டேன். அதிகாரி இருப்பதெல்லாம் மறந்துபோனது. "எருமைன்னேன். நாய வளர்த்திருக்கலாம்னேன். அப்பவும் மரம் மாதிரி நின்னீங்களே! வாசல்லயாவது வந்து நிக்கும்னு சொன்னேனே, ஜன்னல்லதான நின்னுக்கிட்டிருந்தீங்க? சொல்ல வேண்டியதுதான? ஒரு வருஷமா என்னக் கேனச்சி ஆக்கிட்டீங்களே!" அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. மூக்கு ஒழுக, "நீங்க எங்கயும் போகக் கூடாது. யார் சொன்னாலும் போகக் கூடாது. சொல்லிட்டேன்" என்றேன்.

"சரி, போகல" என்றார், ஏதோ அது அவர் கையில் இருப்பதுபோல.

அதிகாரிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. குவியலில் எதையோ இழுத்தார். கல்யாணப் போட்டோ. போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இதே கோபமா?"

"இல்ல, அன்னிக்குப் பந்தி விஷயம்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

எதையோ அடித்தார், எதையோ எழுதினார், ஃபைலை மூடினார். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "அந்தக் காப்பி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அரைக் கப் இல்லை, இரண்டு கப் கொடுத்த பிறகுதான் விட்டார்.

கார்டு வந்தது. நிரந்தரமாகத் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி, இருவருக்கும். கார்டுப் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்பது சட்டமாம். அதில் அவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் எங்களுக்கு ஜோடிப் பொருத்தம் வந்திருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னேன். பனிமலைப் படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு இருவரும் லீவு போட்டோம். உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் படுக்கப் போனோம். கட்டில் பக்கத்தில் விருந்தாளிகள் மாதிரி, நீங்க மொதல்ல, நீ மொதல்ல என்று நின்றோம். சுவர்ப் பக்கம் எனக்கு என்று முடிவாகி, கண்ணை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் லாரியை ஸ்டார்ட் செய்தார்கள். நின்றது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தார்கள். யார்டா இந்த நேரத்தில் என்று எழுந்து உட்கார்ந்தேன். லாரி இல்லை. இவர்தான். வாயைத் திறந்து, ஜன்னல் கண்ணாடி அதிர, அப்படி ஒரு குறட்டை.

அடப்பாவி! அரசாங்கத்திடம் நாங்கள் இருவரும் ஒத்துப்போய்ச் சொன்ன ஒரே பதில் பச்சைப் பொய். எழுப்பி நாலு கேட்கலாம் என்று கையை ஓங்கினேன். முகத்தைப் பார்த்தேன். போர்வையை இழுத்துக் கழுத்து வரை போர்த்திவிட்டு, எழுந்து போய் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன். கீழ்வீட்டுக்காரி கேட்கட்டும்.